கணினிக் கேள்வி பதில்: கடவுச்சொற் கோப்பு சி ட்ரைவில், ஒன்ட்ரைவ் டி ட்ரைவில்

கேள்வி: வணக்கம் ஐயா. வங்கி, மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் இணைய வகுப்புகள் என எல்லாவற்றின் கடவுச்சொற்களையும் நானும் கணவரும் கீபாஸ் மென்பொருளில் ஒரே கோப்பாக வைத்திருக்கிறோம். மடிக்கணினியில் சி ட்ரைவ் நிறைந்துவிட்டதால், திருத்தக் கொடுத்த கடையில், மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பான ஒன்ட்ரைவின் கோப்புறையை டி ட்ரைவுக்கு மாற்றித் தந்தார்கள். கீபாஸ் கோப்பு பழையபடி சி ட்ரைவில்தான் இருக்கிறது. அதில் ஏதாவது சேர்த்தால், கோப்பைக் கொப்பி செய்து டி ட்ரைவில் உள்ள ஒன்ட்ரைவுக்குள் போடுவேன். கணவர் அதைத் தன் கைத்தொலைபேசியில் திறப்பார். சென்ற மாதம் அவர் தொலைபேசியில் மாற்றிய வங்கிக் கடவுச்சொல் இப்போது இரண்டிலும் இல்லை. ட்ரைவ் வேறாக இருப்பதுதான் காரணமா? இரண்டையும் தானாக ஒத்திசைய வைக்க முடியுமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: சகோதரி, ட்ரைவ் வேறாக இருப்பது காரணமன்று. ஒன்ட்ரைவ் தனக்குக் காட்டப்பட்ட கோப்புறையை மட்டுமே கவனிக்கும். அது சி-யில் இருந்தாலும் டி-யில் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். நீங்கள் கொப்பி செய்து போட்டபோது, கணவர் மாற்றியிருந்த கோப்பின்மேல் உங்கள் பழைய கோப்பு முழுமையாக எழுதப்பட்டுவிட்டது. கடவுச்சொல் காணாமற்போனது அந்த இடத்தில்தான்.

முதலில் அதை மீட்டெடுங்கள். அதற்கு இன்னும் வழியிருக்கக்கூடும். உலாவியில் ஒன்ட்ரைவ் தளத்துக்குள் சென்று, அந்தக் கோப்பின்மீது வலது சொடுக்குச் செய்து, 'வெர்ஷன் ஹிஸ்டரி' என்பதைத் திறந்தால், முந்தைய பதிப்புகள் திகதி வாரியாகத் தெரியும். தனிநபர் கணக்குகளுக்குக் கடைசி 25 பதிப்புகள் வரை கிடைக்கும் என்பதால், கோப்பை மேலும் பலமுறை சேமித்துப் பழைய பதிப்புகளைத் தள்ளிவிடாமல் இன்றைக்கே பாருங்கள். கணவர் மாற்றம் செய்த திகதிக்குரிய பதிப்பை, தற்போதுள்ளதன்மேல் மீளமைக்காமல், வேறொரு பெயரில் தரவிறக்கிக்கொள்ளுங்கள். பிறகு கீபாஸில் உங்கள் கோப்பைத் திறந்து, பைல் மெனுவில் 'சிங்க்ரனைஸ்' என்பதன் கீழ் 'சிங்க்ரனைஸ் வித் பைல்' என்பதைத் தெரிவுசெய்து, தரவிறக்கிய பதிப்பைக் காட்டுங்கள்.

இந்தக் கட்டளை செய்யும் வேலை கொப்பி செய்வதிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. கீபாஸ் கோப்பிலுள்ள ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஓர் அடையாள எண்ணும், கடைசியாக மாற்றப்பட்ட நேரமும் உள்ளே எழுதப்பட்டிருக்கும். ஒத்திசைவின்போது கீபாஸ் இரு கோப்புகளிலும் ஒரே அடையாள எண் கொண்ட பதிவுகளை ஒப்பிட்டு, பிந்தி மாற்றப்பட்டதை வைத்துக்கொண்டு, முந்தியதை அந்தப் பதிவின் வரலாற்றுப் பகுதிக்குள் சேர்த்துவிடும். ஆகவே வங்கிப் பதிவு கணவரின் கோப்பிலிருந்தும், நீங்கள் சேர்த்த மின்சாரக் கட்டணப் பதிவு உங்கள் கோப்பிலிருந்தும் வந்து ஒன்றாகும். நேரம் உலகப் பொது நேரத்தில் பதியப்படுவதால், உங்கள் மகனோ மகளோ ரொறன்ரோவிலிருந்து அதே கோப்பைத் திறந்தாலும் குழப்பம் வராது. ஆனால் கணினியின் கடிகாரமே பிழையாக இருந்தால் பழைய கடவுச்சொல் புதியதை வென்றுவிடும். உள்ளேயுள்ள பட்டன் பற்றரி செத்துப்போன பழைய கணினிகள், நிறுத்தி மீண்டும் இயக்கும்போது பல வருடங்களுக்கு முந்திய திகதியைக் காட்டுவதுண்டு. இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நிரந்தர ஏற்பாடு. என் கருத்தில் உங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு வேலைக் கோப்பு போதும், அது டி ட்ரைவிலுள்ள ஒன்ட்ரைவ் கோப்புறைக்குள்ளேயே இருக்கட்டும். கீபாஸ் எந்த ட்ரைவிலிருந்தும் கோப்பைத் திறக்கும். கடைசியாகத் திறந்த கோப்பை நினைவில் வைத்து அடுத்த முறை அதையே கேட்கும். இரு கோப்புகளும் ஒன்றாகியதை உறுதிசெய்த பின், சி ட்ரைவில் உள்ளதை 'பழையது' எனப் பெயர் மாற்றி, தவறுதலாகத் திறக்க முடியாத இடத்தில் ஒதுக்கி வையுங்கள். டி ட்ரைவில் உள்ள கோப்பின்மீது வலது சொடுக்குச் செய்து, 'ஓல்வேய்ஸ் கீப் ஒன் திஸ் டிவைஸ்' என்பதைத் தெரிவுசெய்துவிட்டால், இணையம் இல்லாத நேரத்திலும் அது கையில் இருக்கும். கணவர் கீபாஸ்2அன்ட்ரொயிட் போன்ற செயலியில் ஒன்ட்ரைவிலுள்ள அதே கோப்பை நேரடியாகத் திறக்கலாம். சேமிக்கும் வேளையில் ஒன்ட்ரைவில் உள்ள கோப்பு மாறியிருந்தால் அந்தச் செயலி இரண்டையும் இணைத்துக்கொள்ளும். கோப்புப் பெயரின் பின்னால் உங்கள் கணினியின் பெயர் ஒட்டிக்கொண்டு இரண்டாவது கோப்பொன்று தோன்றினால், அது இருவரும் ஒரே நேரத்தில் மாற்றியதன் அடையாளம். அழித்துவிடாதீர்கள், மேலே சொன்ன கட்டளையால் அதையும் சேர்த்த பிறகே நீக்குங்கள்.

சி ட்ரைவிலும் ஒரு பிரதி கட்டாயம் வேண்டுமென்றால், கீபாஸ் 2 வரிசையில் 'ட்ரிகர்' என்ற வசதி உண்டு. கோப்பைச் சேமித்தவுடன் இன்னொரு கோப்புடன் ஒத்திசை என்று அதில் ஒருமுறை எழுதிவிட்டால் போதும். ஆனால் ஒத்திசைவு முடிந்ததும் கீபாஸ் மறுபடி சேமிக்கும், அந்தச் சேமிப்பு மறுபடி ட்ரிகரை எழுப்பும். ஆகவே ஒத்திசைக்கு முன் அந்த ட்ரிகரைத் தானே நிறுத்தவும், பின் மீண்டும் இயக்கவும் இரு கட்டளைகளைச் சேர்க்க வேண்டும். அதே வகைக் கோப்பைத் திறக்கும் கீபாஸ்எக்ஸ்சி என்ற வேறொரு மென்பொருளில் ட்ரிகர் கிடையாது, கையால் இணைக்கும் கட்டளை உண்டு. ஓரிடத்திலுள்ள கோப்புறையை இன்னோர் இடத்திலும் இருப்பதுபோலக் காட்டும் இணைப்புக் கோப்புறை ஒன்றை, சி ட்ரைவிலிருந்து டி ட்ரைவுக்கு உருவாக்கினால் போதும் என்று சிலர் சொல்லக்கூடும். ஒன்ட்ரைவ் அத்தகைய இணைப்புகளை ஒழுங்காக ஒத்திசைப்பதில்லை என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டி ட்ரைவ் என்று நீங்கள் சொல்வது மடிக்கணினிக்குள்ளேயே இருக்கும் வன்தட்டின் பகுதியா, யூ.எஸ்.பி-யில் செருகும் வெளித்தட்டா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டறியுங்கள். உள்ளே இருப்பதென்றால் கவலையில்லை. வெளித்தட்டென்றால், அதைச் செருகாமல் கணினியை இயக்கும் நாளில் ஒன்ட்ரைவ் தன் கோப்புறையைக் காணவில்லை என்று சொல்லி நின்றுவிடும். வேறொரு பென்ட்ரைவ் முதலில் செருகப்பட்டிருந்தால் ட்ரைவ் எழுத்தும் மாறிவிடலாம். மேலும், மின்சாரம் போகும்போது மடிக்கணினி பற்றரியில் தொடர்ந்து இயங்கும், தனி அடப்டரில் ஓடும் பெரிய வெளித்தட்டோ அந்தக் கணமே அணைந்துவிடும். 2022இல் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாம் இதை அலட்சியம் செய்யக்கூடாது. கீபாஸின் ஒப்ஷன்ஸ் பகுதியில், அட்வான்ஸ்ட் என்பதன் கீழுள்ள 'யூஸ் பைல் ட்ரான்ஸாக்ஷன்ஸ்' இயக்கத்தில் இருந்தால், புதிய கோப்பு முழுதாக எழுதி முடிந்த பின்னரே பழையது மாற்றப்படும். எழுதும் நடுவில் மின்சாரம் நின்றாலும் பழைய கோப்பு தப்பும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் ஒன்ட்ரைவ் கடவுச்சொல்லும் அநேகமாக அந்தக் கீபாஸ் கோப்புக்குள்தான் இருக்கும். மடிக்கணினியும் தொலைபேசியும் ஒரே வேளையில் களவுபோனால், கோப்பை எடுக்க ஒன்ட்ரைவ் கடவுச்சொல் வேண்டும், அந்தக் கடவுச்சொல்லை எடுக்கக் கோப்பு வேண்டும் என்ற நிலை வந்துவிடும். ஆகவே மைக்ரோசொப்ட் கணக்கின் கடவுச்சொல்லையும், அதன் மீட்புக் குறியீட்டையும், கீபாஸின் முதன்மைக் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, காணி உறுதி வைத்திருக்கும் இடத்தில் பூட்டி வையுங்கள். முதன்மைக் கடவுச்சொல்லுடன் சேர்த்துக் கீபாஸ் கேட்கும் தனிக் கோப்பான சாவிக் கோப்பும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதை ஒன்ட்ரைவுக்குள் வைக்க வேண்டாம். பூட்டும் சாவியும் ஒரே இடத்தில் கிடந்தால் சாவி வைத்ததற்குப் பயனில்லை.

கேள்வி: கூகுள் ட்ரைவ் என் கணினியில் ஜி ட்ரைவாகத் தெரிகிறது. அதிலுள்ள கீபாஸ் கோப்பைச் சில காலைகளில் காணவில்லை என்று மென்பொருள் சொல்கிறது. ஏன்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: ஜி ட்ரைவ் உண்மையான தட்டன்று. கூகுள் ட்ரைவ் செயலி, கோப்புகளை இணையத்திலேயே வைத்துத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் 'ஸ்ட்ரீம்' முறையில் இயங்கும்போது உருவாக்கும் தோற்ற ட்ரைவ் அது. செயலி தொடங்கி, கணக்குக்குள் நுழையும் வரை அது தோன்றாது. அதற்கு முன் கீபாஸைத் திறந்தால் கோப்பு இல்லையென்றே சொல்லும். செயலியின் அமைப்பில் 'மிரர்' முறைக்கு மாற்றி, வன்தட்டில் ஒரு சாதாரண கோப்புறையைக் காட்டிவிடுங்கள். அந்த முறையில் உங்கள் ட்ரைவிலுள்ள அனைத்தும் கணினிக்கு இறங்கும் என்பதால், போதிய இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பின்னர் கீபாஸில் அந்தப் புதிய இடத்திலிருந்து கோப்பை ஒருமுறை திறந்தால் போதும்.