பழைய வண்டிக்கு வீட்டிலேயே பட்டறை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பழைய வண்டிகளைப் பிரித்துச் சேர்ப்பதில்தான் என் காலம் போகிறது. வழக்கமாக கார்புரேட்டர், பிரேக், வயரிங் பற்றித்தான் என்னிடம் கேட்பார்கள். இந்த முறை வந்தவை எல்லாமே வேலை செய்யும் இடத்தைப் பற்றிய கேள்விகள். எனக்கு அதில் சந்தோஷம். பாதியில் நின்றுபோன வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பணம் தீர்ந்து நின்றவை அவற்றில் கொஞ்சம்தான். கழற்றிய சாமானை வைக்க இடமில்லாமல், எது எங்கே போனது என்று தெரியாமல், உள்ளே போகவே அலுத்துப்போய் நின்றவைதான் அதிகம்.

கார் நிற்கும் அளவுக்கு ஒரு ஷெட் இருக்கிறது. அது போதாதா?

நிறுத்தப் போதும், பிரிக்கப் போதாது. ஒரு சின்னக் கார் ஏறக்குறைய 4 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம். இரண்டு பக்கக் கதவையும் முழுதாகத் திறந்தால் அகலம் மட்டுமே 3 மீட்டரைத் தாண்டிவிடும். இன்ஜினை வெளியே தூக்க வேண்டுமென்றால் அதைத் தூக்கும் கிரேன் உள்ளே வரவும் திரும்பவும் முன்பக்கம் இன்னும் ஒன்றரை, இரண்டு மீட்டர் வேண்டும்.

பலரும் மறந்துவிடும் கணக்கு வேறொன்று இருக்கிறது. சீட், கதவு, பானெட், கண்ணாடி, பம்பர், டேங்க், கியர்பாக்ஸ் என்று எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பினால், வண்டி பிடிக்கும் இடத்தைவிட அதிக இடத்தை அவை பிடித்துக்கொள்ளும். அதனால் முதல் போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன்பே சுவரில் ரேக் அடித்துவிடுங்கள். கதவு, பானெட்டை நிமிர்த்தி, விளிம்புக்குக் கீழே பழைய கம்பளம் போட்டு, சுவரோடு கட்டி வையுங்கள். முன் கண்ணாடியை ஒருபோதும் படுக்கப் போடாதீர்கள். நடுவில் சின்ன அழுத்தம் வந்தாலே விரிசல் விழும்.

14 அடிக்கு 24 அடி இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். 10க்கு 20தான் இருக்கிறது என்றாலும் முடியும். வண்டியை நட்டநடுவில் நிறுத்தாமல் ஒரு சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு, மறுபக்கம் மேஜைக்கு விடுங்கள். நான்கு சக்கரத்துக்கும் அடியில் உருளை வைத்த பலகை இருந்தால் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளி மாற்றிக்கொள்ளலாம்.

எனக்குக் கார் இல்லை அண்ணா, பழைய பைக் ஒன்றுதான். ஒரு சின்ன அறை போதுமா?

தாராளமாகப் போதும். 10க்கு 10 அறையில் ஒரு முழு பைக்கையும் பிரித்துச் சேர்க்கலாம். பைக்கை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி நிறுத்த ஒரு மேடை செய்துகொள்ளுங்கள். குனிந்தே செய்கிற வேலையில் பொறுமை சீக்கிரம் போய்விடும். பெட்ரோல் டேங்கையும் கார்புரேட்டரையும் மட்டும் வெளியே திறந்தவெளியில் வைத்துக் காலி செய்துவிட்டு உள்ளே கொண்டு வாருங்கள்.

அடியில் போய் வேலை செய்யக் குழி வெட்டலாம் என்றிருக்கிறேன். அந்தக் காலத்துப் பட்டறைகளில் எல்லாம் இருந்ததே?

வேண்டாம். இந்த ஒரு பதிலை மட்டும் எல்லோரும் படித்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தைத் தேடிப் போகும். பெட்ரோல் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியாகப் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரே போதும். அதாவது எந்தப் பருவத்திலும், எந்த வீட்டிலும் அது தயாராகத்தான் இருக்கிறது. பழைய வண்டியில் எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துச் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கும். ராத்திரி முழுக்க அந்த ஆவி குழியில் இறங்கித் தேங்கும். காலையில் நீங்கள் கைவிளக்கோடு உள்ளே இறங்குவீர்கள். விளக்கு கீழே விழுந்து உடைந்தால், சுவிட்சில் ஒரு பொறி வந்தால், அவ்வளவுதான். ஏறி வெளியே வரும் வழியையும் மேலே நிற்கும் வண்டி மறைத்துக்கொண்டிருக்கும்.

ஏற்கெனவே குழி இருக்கிறது என்றால், அடிமட்டத்திலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ள ஏற்பாடு வேண்டும். அதுவும் பொறி வராத வகை மோட்டாராக இருக்க வேண்டும், சாதாரண ஃபேன் ஆகாது. எரிபொருள் சம்பந்தப்பட்ட எந்த வேலையையும் குழிக்கு மேலே செய்யக் கூடாது. தனியாக இறங்கக் கூடாது. வேலை இல்லாதபோது கனமான பலகையால் மூடியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் மண் கொட்டி மூடிவிட்டு, தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்தும் இரும்பு ஸ்டாண்டு வாங்குங்கள் என்பேன்.

ஸ்டாண்டு இல்லை, ஹாலோ பிளாக் கல் இருக்கிறது. அதில் ஏற்றி நிறுத்தலாமா?

கூடாது. கல் வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, ஒரே நொடியில் நொறுங்கும். ஜாக்கியும் தூக்குவதற்கு மட்டும்தான். சீல் தேய்ந்துபோனால் எண்ணெய் கசிந்து தானாக இறங்கிவிடும். தூக்கியதும் ஸ்டாண்டுக்கு இறக்குங்கள், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள், கழற்றிய சக்கரத்தைப் பாடிக்கு அடியில் படுக்கப் போடுங்கள். அப்புறம் வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும்.

பழைய வண்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்டாண்டு உறுதியாக இருக்கும், வண்டியின் அடிப்பாகம் மக்கியிருக்கும். ஸ்டாண்டு கொடுக்கப்போகிற இடத்தை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று பதில் சொல்லும். பெயின்டும் பள்ளம் நிரப்பும் பட்டியும் மட்டும் மிச்சமிருக்கும் இடத்தில் ‘தொப்’ என்று மங்கிய சத்தம் வரும். அங்கே திருப்பி முனையால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடம் எடை தாங்காது. ஆக்சில் பக்கமோ கனமான சேஸிஸ் பக்கமோ நகர்ந்துவிடுங்கள்.

இரண்டு தூண் லிஃப்ட் வைக்கலாமா?

தரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலான லிஃப்டுக்குக் குறைந்தது 4 அங்குலக் கான்கிரீட் கேட்பார்கள். புதிதாகப் போட்டதென்றால் 28 நாள் இறுகியிருக்க வேண்டும். மேலே சிமென்ட் பூசிய பழைய தரையின் பருமனைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, துளை போட்டு அளந்தே ஆக வேண்டும். கூரையும் 11, 12 அடி வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

தரையைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் விரித்து நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கே எபாக்ஸி என்கிற ரெசின் பூச்சு தரையில் நிற்காது, வண்டியின் அடிப்பாகமும் துருவிலிருந்து தப்பாது.

கம்ப்ரஷரைப் போட்டாலே டிரிப் ஆகிறது. பெரிய எம்சிபி போட்டால் சரியாகிவிடுமா சார்?

எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் பிரேக்கர். அதை மட்டும் பெரிதாக்கினால் வயர் எரியும். மோட்டார் கிளம்பும் நேரத்தில் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். மெயின் போர்டிலிருந்து தனி லைன், அதற்கேற்ற வயர், அதற்கேற்ற பிரேக்கர் என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். பிளக் பாயின்ட் எல்லாவற்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். சுருட்டிய எக்ஸ்டென்ஷன் வயரை விரிக்காமல் கிரைண்டரையோ வெல்டிங் மெஷினையோ ஓட்டாதீர்கள், சுருளுக்குள் சூடேறி உருகிவிடும்.

காற்றுக் குழாய்க்குப் பிளம்பிங் பிவிசி பைப் போடாதீர்கள். தண்ணீருக்கு நன்றாக உழைக்கும் அதே பைப், காற்று அழுத்தத்தில் வெடித்தால் துண்டு துண்டாகத் தெறிக்கும். வேலை முடிந்ததும் கம்ப்ரஷர் டேங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றிவிடுங்கள்.

எத்தனை விளக்கு போட்டும் வெளிச்சம் போதவில்லை.

எல்லாவற்றையும் கூரையில் போட்டிருப்பீர்கள். பானெட்டைத் திறந்ததும் அதன் நிழல் இன்ஜின் மேலேயே விழும். பாதி விளக்கைப் பக்கச் சுவர்களில் தோள் உயரத்தில் நீளவாக்கில் மாட்டுங்கள், சுவருக்கு வெள்ளை அடியுங்கள். டிங்கரிங் வேலைக்கும் இது உதவும். கதவில் விழும் டியூப் லைட்டின் பிம்பத்தைத் தலையைச் சாய்த்து ஓரத்திலிருந்து பாருங்கள். கோடு நேராக ஓடினால் தகடு சரியாக இருக்கிறது. ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே விரலுக்குக்கூடத் தெரியாத பள்ளம் இருக்கிறது.

வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா?

பிரைமர், அடிப்பாகத்துக்கான கறுப்பு, சின்னச் சின்ன சாமான்கள், இவற்றை அடிக்கலாம். கடைசி நிறத்தை, அதுவும் இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பெயின்டை, பெயின்ட் அடிக்கும் மூடிய அறை (பூத்) வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கி நிரந்தரமான ஆஸ்துமாவைக் கொண்டுவரும். மூக்கில் கட்டும் துணியும் தூசி மாஸ்க்கும் அதைத் தடுக்கவே தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று தரும் முகமூடி வேண்டும். பக்கத்து அறையில் தூங்கும் குழந்தைக்கு அந்த முகமூடி கிடையாது.

பெயின்டுக்கு முந்தைய வேலையிலும் கவனம் வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உப்புத்தாளைத் தண்ணீர் விட்டே தேயுங்கள். பழைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தை உடனே வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். வெல்டிங் செய்யப்போகிற இடத்துக்கு அந்த கிளீனரே வேண்டாம்.

வீட்டுக்காரர் முன்கூடத்தையே பட்டறை ஆக்கிவிட்டார். இரண்டு குழந்தைகளும் ஒரு பூனையும் இருக்கிறோம். நான் என்ன கேட்க வேண்டும்?

நீங்கள் கேட்பது முழுக்க நியாயம் அம்மா. மூன்றைக் கறாராகக் கேளுங்கள். முதலில் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். ரேடியேட்டரிலிருந்து இறக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். குழந்தையும் பூனையும் நக்கிப் பார்க்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழக்கும். இறக்கியதும் மூடி போட்ட கேனில் ஊற்றி, பெயர் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். குளிர்பான பாட்டிலில் ஊற்றவே கூடாது. அடுத்தது, வீட்டுக்குள் இன்ஜினை ஓட்டக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கதவைத் திறந்து வைத்தாலும் வீட்டுக்குள் வந்துவிடும். மூன்றாவது, பெட்ரோலைத் திறக்கும் நேரத்தில் பக்கத்தில் அடுப்போ கெய்சரோ எரியக் கூடாது. உலர்பொடித் தீயணைப்பான் ஒன்று வாசல் கதவுக்கு அருகே, ஓடும் வழியிலேயே மாட்டியிருக்க வேண்டும்.

எந்த டூல்ஸ் முதலில்?

மேஜையும், சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸும் முதலில். வைஸின் வாய் உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். சாக்கெட் செட் வாங்குவதற்கு முன் வண்டியில் எந்த அளவு போல்ட் இருக்கிறது என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டியில் விட்வொர்த் என்கிற பழைய அங்குல அளவு வரும். அதில் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் ஏறக்குறையப் பொருந்துவதுபோலத் தெரியும், அழுத்தினால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

கழற்றிய போல்ட் எல்லாம் கலந்துபோகிறது.

எந்தத் துளையிலிருந்து வந்ததோ, முடிந்தவரை அதே துளையிலேயே இரண்டு சுற்று திருகி வையுங்கள். முடியாதவற்றை ஜிப் பையில் போட்டு, ‘ஸ்டார்ட்டர் மோட்டார், மேல் போல்ட், நீளமானது’ என்கிற அளவுக்கு விவரமாக எழுதுங்கள். வெறுமனே ‘போல்ட்’ என்று எழுதிய பையால் பிரயோஜனமே இல்லை. கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ. ஒரு பகுதியை முடித்து மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிரித்துப் போடும் உற்சாகம்தான் நிறைய வண்டிகளை முடக்கியிருக்கிறது.

வேலை காரணமாக ஆறு மாதம் ஊரில் இருக்க மாட்டேன். பாதி பிரித்த வண்டியை எப்படி விட்டுப் போவது?

பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடாதீர்கள், உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். காற்றுப் போகும் துணி உறை போடுங்கள். பெயின்ட் போன தகட்டை அப்படியே விடாமல் எபாக்ஸி பிரைமர் அடியுங்கள்; சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இன்ஜினைக் கையால் சில சுற்று சுற்றி, பிளக்கை மாட்டிவிடுங்கள். டேங்கைக் காலி செய்யுங்கள். பேட்டரியில் எர்த் வயரை முதலில் கழற்றி, பேட்டரியையே எடுத்துவிடுங்கள். சைலன்சர் வாயையும் ஏர் கிளீனரையும் துணியால் அடைத்து, அடைத்த இடங்களை ஒரு அட்டையில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். அடுத்து எந்த வேலை, எந்தச் சாமான் வாங்க வேண்டும் என்பதையும் அதே அட்டையில் எழுதினால், திரும்பி வந்த அன்றே ஸ்பேனரை எடுக்கலாம்.