கேள்வி – பதில்: மார்க் ட்வைனும் இரு கட்சி வாசகர்களும்

அமெரிக்க நாவல்களில் எதிலிருந்து தொடங்கலாம் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ என்று பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: குடிகாரத் தகப்பனிடமிருந்து தப்பிய ஹக் என்ற சிறுவனும், தன்னை விற்கப்போவதை அறிந்து ஓடிவந்த ஜிம் என்ற அடிமையும் ஒரு தெப்பத்தில் ஏறி மிசிசிப்பி ஆற்றின் போக்கில் தெற்கே போகிறார்கள். நாவல் அமெரிக்காவில் வெளியான ஆண்டு 1885. அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கேள்வி: கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் 200 தடவைக்கு மேல் வரும் நாவலை எப்படிப் பரிந்துரைத்தீர்கள்? எழுதியவர் இனவெறியர்தானே?

அந்தச் சொல் அத்தனை முறை வருவது உண்மை. அதைக் கண்டு முகம் சுளிப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கதையைச் சொல்பவன் ஹக். அடிமைகளை வைத்திருப்பது பாவம் என்று எந்தப் பெரியவரும் சொல்லிக்கொடுக்காத ஊரில் வளர்ந்தவன். அவன் கண்ணுக்குப் படாததை நம் கண்ணுக்குக் காட்டுவதுதான் ட்வைனின் உத்தி.

15-ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். மூடுபனியில் ஹக்கின் சிறு படகும் ஜிம் இருக்கும் தெப்பமும் பிரிந்துவிடுகின்றன. தேடித் தவித்துக் களைத்துத் தூங்கிப்போன ஜிம்மிடம் திரும்பிவரும் ஹக், பனியும் இல்லை, நாம் பிரியவும் இல்லை, எல்லாம் நீ கண்ட கனவு என்று சாதிக்கிறான். ஜிம் அதை நம்பி, கனவுக்குப் பலன்கூடச் சொல்கிறான். அப்போது ஹக், தெப்பத்தில் கிடக்கும் சருகையும் குப்பையையும் முறிந்த துடுப்பையும் காட்டி, இவற்றுக்கு என்ன பலன் என்று கேட்கிறான். ஜிம் குப்பையைப் பார்க்கிறான், ஹக்கைப் பார்க்கிறான், மறுபடியும் குப்பையைப் பார்க்கிறான். உன்னைக் காணாமல் என் நெஞ்சே உடைந்துபோயிற்று, நீயோ என்னை முட்டாளாக்கப் பார்த்தாய், சிநேகிதன் தலையில் அழுக்கைப் போட்டு அவமானப்படுத்துகிறவர்கள்தான் குப்பை என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறான். அவனிடம் பணிந்து போக ஹக்குக்குக் கால் மணி நேரம் பிடிக்கிறது. அந்தப் பணிவைச் சொல்லும் வாக்கியத்திலேயே அந்த இழிசொல்லும் இருக்கிறது: மனம் மாறத் தொடங்கிவிட்டது, நாக்கு இன்னும் மாறவில்லை. இதை எழுதத் தெரிந்தவரை ‘இனவெறியர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட என்னால் இயலாது.

கேள்வி: நையாண்டி புரியாதவர்கள் போடும் கூச்சலுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? இது அப்பழுக்கற்ற நாவல்.

அப்பழுக்கற்றது என்பதை நான் ஏற்கவில்லை. எதிர்ப்பவர்களுக்கு நையாண்டி புரியாது என்பதையும் ஏற்கவில்லை. நோபல் பரிசு பெற்ற கறுப்பின நாவலாசிரியை டோனி மாரிசன் 1996-இல் இந்நாவலின் ஒரு பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், வியக்கவைக்கும் நூல் என்றும் மனத்தைத் தொந்தரவு செய்யும் நூல் என்றும் ஒரே மூச்சில் சொன்னார். அதே ஆண்டு நாவலாசிரியை ஜேன் ஸ்மைலி, ஜிம்மின் விடுதலை வேட்கையை ஹக்கும் சரி, ட்வைனும் சரி, உண்மையில் பொருட்படுத்தவில்லை என்று ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் வாதிட்டார். இவர்களுக்கா நையாண்டி புரியாது?

என்னைக் கேட்டால், ட்வைன் மீதான வலுவான குற்றச்சாட்டு நாவலின் கடைசிப் பகுதியைப் பற்றியது. 31-ஆம் அத்தியாயத்தில் ஹக், ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தைக் கிழித்துப்போட்டு, நரகத்துக்குப் போனாலும் போகிறேன் என்று முடிவெடுக்கிறான். அமெரிக்க இலக்கியத்தில் இதற்கு இணையான இடங்கள் மிகக் குறைவு. அதற்குப் பிறகு ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து சேர்கிறான், கதை கோமாளிக்கூத்தாகிவிடுகிறது. உடன் வந்த ஏமாற்றுக்காரர்கள் விற்றுவிட்டதால் குடிசையில் அடைபட்டிருக்கும் ஜிம்மை எளிதாக வெளியே கொண்டுவர வழியிருந்தும், டாம் தான் படித்த சாகசக் கதைகளின் முறைப்படிதான் விடுவிப்பேன் என்று அடம்பிடித்து, குடிசைக்குள் எலியையும் பாம்பையும் சிலந்தியையும் விடுகிறான், சட்டையில் ரத்தத்தால் நாட்குறிப்பு எழுதச் சொல்கிறான். அத்தனையையும் ஜிம் சகித்துக்கொள்கிறான். கடைசியில் பார்த்தால், ஜிம்மின் எஜமானி 2 மாதத்துக்கு முன்பே இறந்து, உயிலில் அவனுக்கு விடுதலை கொடுத்திருக்கிறாள். டாமுக்கு அது முதலிலேயே தெரியும். பொறுமையாகக் கைதியாய் இருந்ததற்காக ஜிம்முக்கு 40 டாலர் கொடுக்கிறான்!

நவீன அமெரிக்க இலக்கியம் முழுவதும் இந்த ஒரு புத்தகத்திலிருந்து வந்தது என்று அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே 1935-இல் எழுதியதை நான்கு வாசகர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். அவர் அங்கேயே, ஜிம் களவுபோகும் இடத்தில் படிப்பதை நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் வருவது ஏமாற்று என்றும் எழுதியதை ஒருவரும் குறிப்பிடவில்லை. ஏற்கெனவே விடுதலையான மனிதனை மறுபடி சங்கிலியில் வைத்து விளையாடுவது, 1877-க்குப் பிறகு தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் உரிமைகள் பறிபோனதைக் கேலிசெய்யும் உருவகம் என்று விளக்கும் விமர்சகர்கள் உண்டு. கெட்டிக்காரத்தனமான விளக்கம்தான். ஆனால் தெப்பத்தில் ஹக்கை வெட்கப்பட வைத்த ஜிம், இந்த அத்தியாயங்களில் அநேகமாகக் குரலற்றுப் போவதற்கு அதில் விடையில்லை.

கேள்வி: அந்தச் சொல்லை மாற்றிவிட்டுப் பதிப்பித்தால் பிரச்சினை தீராதா?

2011-இல் அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் அதற்குப் பதிலாக ‘அடிமை’ என்று போட்டு ஒரு பதிப்பு கொண்டுவந்தார். வகுப்பறையில் புத்தகம் நுழையட்டும் என்ற அவர் நோக்கம் புரிகிறது. ஆனால் அடிமை என்பது ஒருவர்மேல் சுமத்தப்பட்ட நிலை, அந்தச் சொல்லோ வசை. வசையை எடுத்துவிட்டால் ஹக்கின் ஊரார் இருந்ததைவிட நல்லவர்களாகத் தெரிவார்கள். எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: இது சிறுவர் நூல்தானே? இதைப் போய் ஏன் தடை செய்தார்கள்?

சிறுவர் நூல் என்பதை ட்வைனே மறுத்திருக்கிறார். 1905-இல் புரூக்ளின் பொது நூலகம் இதைச் சிறுவர் பிரிவிலிருந்து எடுத்தபோது, பெரியவர்களுக்காக மட்டுமே எழுதினேன் என்று அங்கிருந்த நூலகர் ஒருவருக்கு விளையாட்டாகவும் வினையாகவும் கடிதம் எழுதினார். தடைகளின் காரணம் காலத்துக்குக் காலம் மாறியதுதான் வேடிக்கை. 1885 மார்ச்சில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு நூலகம் இதை விலக்கியது, கொச்சையான பேச்சும் கெட்ட நடத்தையும் நிறைந்தது என்பதற்காக. இன இழிவைப் பற்றி அன்று பேச்சே இல்லை. ட்வைனோ, இந்த விளம்பரத்தால் நிச்சயம் 25,000 பிரதிகள் கூடுதலாக விற்கும் என்று மகிழ்ந்தார். 1957-இல் நியூயார்க் நகரக் கல்வி வாரியம் பாடநூல் பட்டியலிலிருந்து நீக்கியபோதுதான் இனப்பிரச்சினை முன்னுக்கு வந்தது.

தன் வகுப்பில் ஒரே கறுப்பின மாணவராக உட்கார்ந்து, அந்தச் சொல்லை மற்றவர்கள் உரக்க வாசிப்பதைக் கேட்கும் பிள்ளையின் சங்கடத்தை இலக்கிய மதிப்பு ஈடுகட்டிவிடாது. சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆசிரியர் இருந்தால் மேல்வகுப்பில் வைக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

கேள்வி: நாவலை விடுங்கள். தனிவாழ்க்கையில் ட்வைன் எப்படி?

அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில், மிசௌரியில் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல், அடிமை முறையைக் காக்க நின்ற தென் தரப்புக்கு ஆதரவான படைக்குழு ஒன்றில் ஏறக்குறைய 2 வாரம் இருந்துவிட்டு மேற்கே போய்விட்டார். பிற்காலத்தில், யேல் சட்டக் கல்லூரியில் படித்த வார்னர் மெக்கின் என்ற கறுப்பின மாணவருக்குச் செலவுக்குப் பணம் கொடுத்தார். அந்த இனத்தின் ஆண்மையை நசுக்கியவர்கள் நாம், வெட்கமும் நம்முடையது, ஈடுகட்ட வேண்டியவர்களும் நாமே என்று கல்லூரித் தலைவருக்கு 1885-இல் எழுதினார். அதே மனிதர், 1872-இல் வெளியான ‘ரஃபிங் இட்’ என்ற பயண நூலில் பூர்வகுடி மக்களைப் பற்றி எழுதியிருப்பதை எந்த நையாண்டியின் பெயராலும் காப்பாற்ற முடியாது. அவரைக் கொண்டாடுகிறவர்கள் அந்தப் பக்கங்களையும் புரட்ட வேண்டும்.

கேள்வி: பாதியில் மூடிவைத்துவிட்டேன். ட்வைனை விட்டுவிடலாமா?

நாவலை விட்டாலும், 1874-இல் ‘அட்லாண்டிக்’ இதழில் அவர் எழுதிய ‘ஓர் உண்மைக் கதை’ என்ற சிறுகதையைப் படியுங்கள், சில பக்கங்கள்தான். அடிமைச் சந்தையில் கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு தாய் தானே பேசுகிறாள், குறுக்கே யாரும் வேடிக்கை காட்டுவதில்லை. அதன்பின் பெர்சிவல் எவெரெட் 2024-இல் எழுதிய ‘ஜேம்ஸ்’ நாவல்: ஹக்கின் கதையையே ஜிம் தன் வாயால் சொல்கிறான். அதைப் படித்தவர்கள் பலருக்கு மூல நாவலின் மீதிப் பாதியையும் படிக்கத் தோன்றக்கூடும். தோன்றாவிட்டால் 31-ஆம் அத்தியாயம் வரையாவது போங்கள்.