வரலாற்றில் இன்று – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு பொது நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். எங்கள் நுழைவாயிலில் ஒரு கரும்பலகை உண்டு. காலையில் கதவைத் திறந்ததும் அதில் 'வரலாற்றில் இன்று' என்று தலைப்பிட்டு ஏழெட்டு வரிகள் எழுதுவேன். ஆறு ஆண்டுகளாக ஒருநாளும் விட்டதில்லை. இந்த மே 6 அன்று எழுதியவை இவை: 1840 – உலகின் முதல் அஞ்சல்தலையான பென்னி பிளாக். 1856 – சிக்மண்ட் ஃபிராய்ட் பிறப்பு. 1861 – மோதிலால் நேரு பிறப்பு. 1889 – ஈஃபிள் கோபுரம் பொதுமக்களுக்குத் திறப்பு. 1937 – ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் விபத்து. 1954 – ரோஜர் பேனிஸ்டர் நான்கு நிமிடங்களுக்குள் ஒரு மைல் ஓடினார். 1994 – இங்கிலாந்து, பிரான்ஸ் இடையே கடலடிச் சுரங்கம் திறப்பு.

விடுமுறையில் தினமும் வரும் ஒரு சிறுமி பலகையை முழுக்க வாசித்துவிட்டு உள்ளே வந்தாள். "எல்லாம் ஒரே தேதியில் நடந்திருக்கிறது. சரி, அதனால் என்ன?" என்று கேட்டாள். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மாலையில் ஒரு பெரியவர் ஈஃபிள் கோபுரத் தேதி தவறு என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு ஆண்டுகளாக எதற்காக இதைச் செய்கிறேன் என்று அன்று இரவு யோசித்தேன். நிறுத்திவிடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நூலகருக்கு,

நிறுத்தாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சிறுமிக்கு உண்மையையே சொல்லுங்கள்: ஒரே தேதியில் நடந்ததால் ஒன்றுமில்லை. ஃபிராய்டின் பிறப்புக்கும் ஆகாயக் கப்பல் எரிந்ததற்கும் எந்த உறவும் கிடையாது. ஆண்டில் 366 தேதிகள்தான் இருக்கின்றன. மனிதர்கள் செய்ததையும் அவர்களுக்கு நேர்ந்ததையும் எல்லாம் அந்த 366 ஆணிகளில்தான் மாட்டியாக வேண்டும். ஒரே ஆணியில் ஒரு சட்டையும் ஒரு குடையும் தொங்கினால் இரண்டும் ஒருவருடையவை என்று ஆகிவிடாது. ஆனால் ஆணி இல்லாவிட்டால் இரண்டுமே எங்கோ கிடந்து தொலைந்திருக்கும். ஃபிராய்டைப் பற்றி எண்ணிப் பார்க்க அவளுக்கு அன்று வேறென்ன காரணம் இருந்திருக்கும்? உங்கள் பலகை ஒரு காரணத்தைக் கொடுத்தது. அவள் வாசித்தாள், உள்ளே வந்து கேட்டாள். ஆறு ஆண்டுகளாக இதற்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பெரியவர் சொன்னது சரி. 1889 மே 6 அன்று தொடங்கியது பாரிஸ் கண்காட்சி. கோபுரத்தில் பொதுமக்கள் ஏறியது ஒன்பது நாள் கழித்து, மே 15 அன்றுதான். அப்போதும் மின்தூக்கிகள் தயாராகவில்லை, வந்தவர்கள் படியேறித்தான் போனார்கள். அதற்கும் முன்பே, மார்ச் 31 அன்று, கோபுரத்தைக் கட்டிய பொறியாளர் ஈஃபிள் அந்தப் படிகளில் ஏறி உச்சியில் கொடியேற்றிவிட்டார். கண்காட்சியின் தேதி கோபுரத்தின் மேல் ஒட்டிக்கொண்டு பட்டியலுக்குப் பட்டியல் தாவி உங்கள் பலகை வரை வந்திருக்கிறது. வருந்தாதீர்கள், நாளைக் காலை திருத்தம் எழுதுங்கள். "மே 6 அன்று நான் எழுதியது தவறு" என்று தொடங்கும் ஒரு வரியை நின்று வாசிக்காமல் யாரும் கடந்து போக மாட்டார்கள்.

உங்கள் ஏழு வரிகளில் மூன்று 'தொடக்கம்' பற்றியவை. மூன்றிலும் எது தொடக்கம் என்பதே கேள்வி. பென்னி பிளாக் விற்பனைக்கு வந்தது மே 1. மே 6 முதல்தான் அது செல்லும் என்று அறிவித்திருந்தார்கள். பொறுமையில்லாதவர்கள் அதற்கு முன்பே ஒட்டி அனுப்பிவிட்டார்கள், மே 2 முத்திரை விழுந்த உறைகள் இன்றும் இருக்கின்றன. கடலடிச் சுரங்கத்தை 1994 மே 6 அன்று எலிசபெத் அரசியும் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் திறந்துவைத்தார்கள். பயணிகளுக்கான யூரோஸ்டார் ரயில்கள் ஓடத் தொடங்கியது அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று. என்னைக் கேட்டால் இரண்டையும் விட்டுவிட்டு 1990 டிசம்பர் 1 என்ற தேதியைப் பலகையில் எழுதுவேன். இரு கரைகளிலிருந்தும் தோண்டி வந்தவர்கள் கடலுக்கடியில் சந்தித்த நாள் அது. பாறையில் துளை விழுந்ததும் ஒரு பிரிட்டிஷ் தொழிலாளியும் ஒரு பிரெஞ்சுத் தொழிலாளியும் அதன் வழியே கைகுலுக்கினார்கள். ரிப்பன் வெட்டிய நாட்களுக்குப் பட்டியல்களில் எப்போதும் இடம் கிடைக்கிறது. கைகுலுக்கிய நாளுக்கு நீங்கள்தான் இடம் கொடுக்க வேண்டும்.

தேதி என்பது நாம் நினைப்பதுபோல அத்தனை கெட்டியான பொருள் இல்லை. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று, ஒரே நாளில் மறைந்தார்கள் என்று பல இடங்களில் வாசித்திருப்பீர்கள். ஸ்பெயின் அப்போதே புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தது. இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். போதாததற்கு, செர்வான்டிஸ் இறந்தது 22ஆம் தேதி, அடக்கம்தான் 23இல். இங்கிலாந்து கடைசியில் 1752இல் மாறியபோது செப்டம்பர் 2 இரவு படுத்தவர்கள் செப்டம்பர் 14 அன்று காலை எழுந்தார்கள். மோதிலால் நேரு பிறந்ததற்கு மறுநாள், 1861 மே 7 அன்று, தாகூர் பிறந்தார். ஆனால் வங்காளிகளுக்கு அவர் பிறந்தது பைசாக மாதம் 25ஆம் நாள். அதன்படி அவர்கள் கொண்டாடும்போது நம் நாட்காட்டி மே 8 அல்லது 9 காட்டும். இன்னும் அருகில் வாருங்கள்: நிலவில் ஈகிள் கலம் இறங்கியது 1969 ஜூலை 20 என்று எல்லோரும் எழுதுகிறோம். அது இறங்கிய நொடியில் இந்தியக் கடிகாரங்கள் ஜூலை 21 அதிகாலை 1.47 காட்டின. அந்த நாளில் விழித்திருந்து வானொலி கேட்ட இந்தியர் ஒருவருக்கு அது 21ஆம் தேதி நிகழ்ச்சிதான்.

பிறந்தநாட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது என் மனதில் வெகுநாளாக இருப்பது. பட்டியலில் இடம்பெறப் பிறந்திருந்தால் மட்டும் போதாது, பிறந்ததை யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும். ஷேக்ஸ்பியருக்கே ஞானஸ்நானப் பதிவு மட்டும்தான் இருக்கிறது, 1564 ஏப்ரல் 26. நாம் சொல்லும் ஏப்ரல் 23 ஓர் ஊகம். பிரெடரிக் டக்ளஸுக்கு அதுவும் இல்லை. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, தப்பித்து, அடிமை முறையை எதிர்த்து உலகமறியப் பேசியவர் அவர். குதிரைகளுக்குத் தம் வயது எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அடிமைகளுக்கும் தெரியும் என்று தன் வரலாற்றின் முதல் பக்கத்திலேயே எழுதுகிறார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கள் வயதைச் சொல்ல முடிந்தது, தனக்கு மட்டும் ஏன் அது மறுக்கப்பட்டது என்று சிறுவயதில் மனம் வெதும்பியதைச் சொல்கிறார். பின்னாளில் பிப்ரவரி 14ஐத் தன் பிறந்தநாளாக அவரே வைத்துக்கொண்டார். அடுத்த பிப்ரவரி 14 அன்று பலகையில் அவர் பெயரை எழுதும்போது 'பிறந்தார்' என்று எழுதாதீர்கள். 'தேர்ந்துகொண்ட பிறந்தநாள்' என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல்லைப் பார்த்து ஒரு பிள்ளை உள்ளே வரும்.

உங்கள் பலகையில் எனக்கு இருக்கும் குறை இதுதான்: ஏழு வரிகள் அதிகம். ஏழும் ஒரே நீளத்தில், ஒரே குரலில் இருக்கின்றன. ஓர் அஞ்சல்தலைக்கும் 36 பேரின் சாவுக்கும் ஒரே அளவு சுண்ணாம்புக்கட்டி செலவாகிறது. ஒரு நாளுக்கு ஒன்றை எடுங்கள். அதற்குள் போய் நில்லுங்கள்.

ஹிண்டன்பர்க்கை எடுத்தால் வெர்னர் ஃபிரான்ஸைப் பற்றி எழுதலாம். கப்பலில் பரிமாறும் வேலை பார்த்த 14 வயதுச் சிறுவன். அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட் தளத்தில், இடிமழைக்காகக் காத்திருந்து தாமதமாக இறங்கிக்கொண்டிருந்த கப்பலில் தீப்பிடித்தபோது, அவன் தலைக்கு மேலிருந்த தண்ணீர்த் தொட்டி உடைந்து அவனை முழுக்க நனைத்தது. சரக்கு ஏற்றும் கதவை உதைத்துத் திறந்து, கப்பல் தரையை நெருங்கியதும் குதித்து ஓடினான். கப்பல் முழுவதும் எரிய அரை நிமிடமே ஆனது. உள்ளே ஹைட்ரஜன். தீப்பிடிக்காத ஹீலியம் அமெரிக்காவிடம் இருந்தது, அதை வெளிநாட்டுக்கு விற்க அந்நாட்டுச் சட்டம் தடையாக இருந்தது. கப்பலில் இருந்த 97 பேரில் 62 பேர் பிழைத்தார்கள் என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. இறந்தவர்கள் 35 பேர், தரையில் நின்ற பணியாளர் ஒருவர். வானொலியில் கதறும் அந்தப் புகழ்பெற்ற அறிவிப்பாளரின் குரலும் நேரடி ஒலிபரப்பு இல்லை. தட்டில் பதிவாகி மறுநாள்தான் மக்களின் காதுக்குப் போனது.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் மே 6 அன்று ஒவ்வோர் ஆண்டும் பேனிஸ்டரைத்தான் எழுதுவேன்.

அவருக்கு 25 வயது, மருத்துவ மாணவர். அன்று காலை லண்டன் மருத்துவமனையின் ஆய்வகத்தில் இருந்த சாணைக்கல்லில் தன் ஓட்டக் காலணியின் ஆணிகளைத் தீட்டினார். தடத்தின் சாம்பல்மண் ஒட்டாமலிருக்க அவற்றின்மேல் கிராஃபைட் பூசினார். பிறகு ரயிலேறி ஆக்ஸ்ஃபோர்டு போனார். இஃப்லி சாலை மைதானத்தில் காற்று பலமாக அடித்தது. காற்றில் ஓடினால் சுற்றுக்கு ஒரு நொடியாவது போய்விடும், நான்கு சுற்றுக்கு நான்கு நொடி. அன்றைய உலகச் சாதனை நான்கு நிமிடம் 1.4 நொடி. ஸ்வீடனின் ஓட்டக்காரர் குன்டர் ஹேக் 1945இல் ஓடியது, ஒன்பது ஆண்டுகளாக யாரும் அதைத் தொடவில்லை. பக்கத்துத் தேவாலயத்தின் உச்சியில் ஒரு கொடி படபடத்துக்கொண்டிருந்தது. ஓடுவதா வேண்டாமா என்று பேனிஸ்டர் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலை ஆறு மணிக்குச் சற்று முன் கொடி தளர்ந்தது. ஓடலாம் என்றார்.

முன்னால் ஓடி வேகம் பிடித்துக்கொடுக்க நண்பர்கள் இருவர், கிறிஸ் பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும். முதல் சுற்றிலேயே "இன்னும் வேகமாக" என்று பேனிஸ்டர் கத்தினார். பிராஷர் காதில் வாங்காமல் தன் வேகத்திலேயே ஓடினார். அந்தச் சுற்று 57.5 நொடியில் முடிந்தது. பிராஷர் கேட்டிருந்தால் மூவரும் பாதியிலேயே மூச்சு வாங்கியிருப்பார்கள். கடைசிச் சுற்றின் நடுவில் சாட்டவேயைத் தாண்டி, கோட்டைத் தொட்டதும் பேனிஸ்டர் துவண்டு விழுந்தார்.

அந்தச் சாதனை 46 நாள்தான் நின்றது. ஜூன் 21 அன்று பின்லாந்தின் துர்க்கு நகரில் ஆஸ்திரேலியாவின் ஜான் லேண்டி அதை முறியடித்தார். அந்த ஆகஸ்ட் 7 அன்று வான்கூவரில் இருவரும் நேருக்கு நேர் ஓடினார்கள். கடைசி வளைவில் லேண்டி இடது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்த கணத்தில் பேனிஸ்டர் வலப்பக்கமாக முந்திவிட்டார். இருவருமே நான்கு நிமிடத்துக்குள் முடித்தார்கள். ஜூன் 21 உங்கள் பலகையில் லேண்டிக்காக ஒருமுறையாவது வந்திருக்கிறதா? வந்திருக்காது என்று நினைக்கிறேன். அவர் வேகமாக ஓடியவர், ஆனால் முதலாவதாக ஓடியவர் இல்லை. அந்தச் சிறுமியிடம் கேட்டுப் பாருங்கள், இது நியாயமா என்று. 1999இல் மொராக்கோவின் ஹிஷாம் எல் கெரூஜ் ரோமில் ஓடிய 3 நிமிடம் 43.13 நொடிதான் இன்றைய சாதனை. பேனிஸ்டரை விடப் பதினாறு நொடி குறைவு. பேனிஸ்டரோ 1954 முடிவதற்குள் ஓட்டத்தை விட்டுவிட்டார், பின்னாளில் நரம்பியல் மருத்துவரானார். மைல் ஓட்டத்தை விட நரம்பியலில் செய்த வேலைதான் பெருமை என்று பிற்காலத்தில் சொல்லிவந்தார்.

அடுத்த மே 6 அன்று ஏழு வரிகளும் வேண்டாம். ஆண்டு, இடம், தேவாலயத்துக் கொடி, இவற்றை மட்டும் எழுதிவிட்டு அன்றைய அறிவிப்புக்கு வாருங்கள். ஒலிபெருக்கியில் பேசியவர் நோரிஸ் மெக்வர்ட்டர். அவசரமே படவில்லை. ஒன்பதாவது நிகழ்ச்சி, ஒரு மைல் ஓட்டம் என்று தொடங்கினார். முதலிடம் ஆர். ஜி. பேனிஸ்டர் என்றார். இந்த நேரம் இந்தப் போட்டிக்கும் தடத்துக்கும் புதிய சாதனை, உறுதி செய்யப்பட்டால் பிரிட்டனுக்கும், ஐரோப்பாவுக்கும், பிரிட்டிஷ் பேரரசுக்கும், உலகத்துக்கும் சாதனை என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். மூவாயிரம் பேர் மூச்சடக்கி நின்றார்கள். பிறகு, "நேரம், மூன்று" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, அத்தனை ஆரவாரம்.

பலகையிலும் 'மூன்று' என்ற சொல்லோடு சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். மீதி எவ்வளவு என்று கேட்டு அவள் உள்ளே வருவாள்.