ராக் பவர் பாலட் (மெல்லத் தொடங்கி முழக்கமாக எழும் உருக்கமான ராக் பாட்டு) பாடல்களில் உங்களால் மறக்க முடியாத முதல் வரி எது?

ஹார்ட் இசைக்குழுவின் 'அலோன்'. 1987-ல் ஆன் வில்சன் பாடியது. கடிகாரம் டிக் டிக்கென்று அடிப்பது காதில் விழுகிறது என்று தொடங்கும். இதைவிடப் புகழ்பெற்ற முதல் வரிகள் நிறைய உண்டு, சிலவற்றைக் கீழே சொல்கிறேன். ஆனால் கேள்வியைப் படித்ததும் என் காதில் கேட்டது இதுதான்.

கல்லூரி விடுதியில் மூன்றாம் ஆண்டு. அறையில் நாங்கள் மூன்று பேர், மூவருக்கும் சேர்த்து ஒரு வாக்மேன். அறைத்தோழன் எங்கிருந்தோ பதிவு செய்து வாங்கிவந்த கேசட்டை "கேட்டுப் பாருடா" என்று என் தலையணைப் பக்கம் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். சித்திரை மாதம். நடு இரவில் கரண்ட் போனது. ஃபேன் சுற்றும்வரை அந்த அறையில் வேறு எந்தச் சத்தமும் கேட்காது. அது கடகடத்து நின்ற பிறகுதான் சுவரில் ஒரு கடிகாரம் இருப்பதே தெரியும். வியர்த்து விழித்துக்கொண்டவன், தடவிப் பார்த்து ஹெட்போனை எடுத்து மாட்டி, பொத்தானை அமுக்கினேன். முதலில் பியானோ. பிறகு ஒரு பெண் குரல், பாடுவதாக இல்லாமல் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதாக: கடிகாரச் சத்தம் கேட்கிறது, படுத்திருக்கிறேன், அறையெல்லாம் கும்மிருட்டு. ஹெட்போனைக் கழற்றினேன். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி மாட்டிக்கொண்டேன்.

அப்போது எனக்கு ஆங்கிலப் பாட்டில் பாதி புரியாது. அந்த வரிக்கு அகராதி தேவைப்படவில்லை.

இந்த வகைப் பாட்டின் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் வரிக்கு இதில் ஏன் இவ்வளவு வேலை என்பது அப்போதுதான் பிடிபடும். நம் சினிமாப் பாட்டில் முதல் வரிதான் பல்லவி, பெரும்பாலும் பாட்டின் பெயரும் அதுவே. பாட்டு முழுக்க அது திரும்பத் திரும்ப வரும். ஆகவே முதல் வரி மறந்துபோக வழியே இல்லை. பவர் பாலடில் கதை வேறு. பெயரும் திரும்பி வரும் வரியும் பிற்பாடு, டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் கொட்டி முழங்கும் இடத்தில் இருக்கும். முதல் வரி ஒரே ஒரு முறைதான் வரும். அதுவும் பியானோவோ சாதா கிட்டாரோ மட்டும் துணைக்கு இருக்கும்போது, பேச்சுக் குரலில். இன்னும் இரண்டு நிமிடத்தில் ஐம்பதாயிரம் பேர் சேர்ந்து கத்தப்போகிற பாட்டு, ஒருவர் காதருகே மெல்லச் சொல்வதுபோல் தொடங்கியாக வேண்டும். அந்தச் சொல் பொய்யாகப் பட்டால் பின்னால் வருகிற முழக்கம் வெறும் இரைச்சல். மெய்யாகப் பட்டால் அதே முழக்கம் அழுகை.

'அலோன்' எழுதியவர்கள் பில்லி ஸ்டைன்பெர்க், டாம் கெல்லி என்ற இணை. மடோனாவின் 'லைக் எ வர்ஜின்', சிண்டி லாப்பரின் 'ட்ரூ கலர்ஸ்' இரண்டும் இவர்கள் கைவண்ணம்தான். 'அலோன்' பாடலை 1983-லேயே ஐ-டென் என்ற பெயரில் அவர்களே பாடி வெளியிட்டார்கள், யாரும் கவனிக்கவில்லை. நான்கு வருடம் கழித்து ஹார்ட் எடுத்துப் பாடியபோது அமெரிக்கப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது.

அந்தத் தொடக்கத்தைக் கவனியுங்கள். கடிகாரச் சத்தம், இருட்டு அறை, நீ எங்கே இருக்கிறாயோ என்ற எண்ணம், எடுக்கப்படாத தொலைபேசி. கண்ணுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அவள் காதால் மட்டுமே உயிரோடு இருக்கிறாள். கடிகாரம் கேட்கிறது, கேட்க வேண்டிய குரல் கேட்கவில்லை. காதல் என்ற சொல்லை இன்னும் அவள் எடுக்கவே இல்லை, நமக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

பல வருடம் கழித்துக் குறுந்தொகையின் ஆறாம் பாட்டைப் படித்தபோது எனக்கு அந்த விடுதி அறை ஞாபகம் வந்தது. பதுமனார் பாடியது. "நள்ளென் றன்றே யாமம்" என்று தொடங்கும். ஊரெல்லாம் பேச்சு அடங்கித் தூங்குகிறது, உலகமே தூங்குகிறது, நான் ஒருத்தி மட்டும் தூங்கவில்லை என்கிறாள் தலைவி. அங்கேயும் முதலில் வருவது ஒரு சத்தம். 'நள்' என்பது நள்ளிரவு எழுப்பும் ஒலி. எல்லாம் அடங்கிய பிறகு மிஞ்சுகிற அந்த ஒலியைத் தூங்காதவள்தான் கேட்க முடியும். ஸ்டைன்பெர்க் குறுந்தொகை படித்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. தூக்கம் வராதவர்கள் எல்லா ஊரிலும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள் போலிருக்கிறது.

உலகம் முழுக்க ஓட்டெடுத்தால் அனேகமாக ஜெயிக்கக்கூடியது லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் 'ஃப்ரீ பேர்ட்', 1973. நாளைக்கு நான் இங்கிருந்து போய்விட்டால், அப்போதும் என்னை நினைத்துக்கொள்வாயா என்ற கேள்வியோடு தொடங்கும். ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில் ஊர்க்காரர்கள். கிட்டார் கலைஞர் ஆலன் காலின்ஸ் இந்த மெட்டை வெகுநாளாகக் கையில் வைத்திருந்தார். பாடகர் ரானி வான் ஸான்ட், இதில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறிக்கொண்டே இருக்கிறது, எப்படிப் பாடுவது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். முதல் வரி காலின்ஸின் காதலி அவரிடம் உண்மையிலேயே கேட்ட கேள்வி என்பது குழுவினர் சொல்லிவரும் கதை. என்னை ஆச்சரியப்படுத்துவது, பாட்டுக்குள் வந்ததும் அந்தக் கேள்வி இடம் மாறிவிடுகிறது என்பதுதான். நிஜத்தில் கேட்டவள் அவள். பாட்டில் கேட்பவன், விட்டுப் போகிற அவன்.

நம் வீடுகளில் இந்த வரியைச் சொல்லவே விடமாட்டார்கள். "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று வாசலிலேயே திருத்துவார்கள். போகிறவன் திரும்பி வருவதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பதால்தான் அந்த வரி எனக்கு அடிவயிற்றில் இறங்குகிறது. 1977 அக்டோபர் 20 அன்று மிஸிஸிப்பியில் அவர்களுடைய விமானம் விழுந்தது. வான் ஸான்ட் இறந்தார், வயது 29. பத்து வருடம் கழித்து மிஞ்சியவர்கள் மறுபடி மேடையேறியபோது 'ஃப்ரீ பேர்ட்' பாடலை வாத்தியத்தில் மட்டும் வாசித்தார்கள். பாடும் இடத்தில் ஆள் இல்லை. கேள்வியைக் கூட்டமே பாடியது, பதிலும் அதுவேதான்.

இன்னும் சில, சுருக்கமாக. பாய்ஸன் குழுவின் 'எவ்ரி ரோஸ் ஹேஸ் இட்ஸ் தார்ன்' (1988). டல்லஸில் துணி துவைக்கும் கடையிலிருந்து காதலிக்கு போன் செய்த பிரெட் மைக்கேல்ஸ், பின்னணியில் ஓர் ஆண் குரலைக் கேட்டுவிட்டு எழுதியது. நடு ராத்திரியில் இருவரும் அசையாமல், பேசாமல் படுத்திருக்கிறோம் என்பது முதல் வரி. எனக்கு அதைவிட, அந்த வரிக்கு முன்னால் அவர் விடுகிற பெருமூச்சுதான் பிடிக்கும். பானி டைலரின் 'டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் தி ஹார்ட்' (1983) முதல் சொற்களை அவர் பாடவே இல்லை. திரும்பிப் பார் என்று கூப்பிடும் அந்த ஆண் குரல் ரோரி டாட் என்பவருடையது. ஒயிட்ஸ்னேக்கின் 'ஹியர் ஐ கோ அகெய்ன்' 1982-ல் வந்து, மறுபடி பதிவாகி 1987-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. எங்கே போகிறேன் என்று தெரியாது, எங்கெல்லாம் இருந்து வந்தேன் என்று நன்றாகத் தெரியும் என்கிற தொடக்கம். வேலை தேடி ஊர் ஊராக அலைந்த நாட்களில் பஸ் ஜன்னலோரம் அதை எத்தனை முறை முணுமுணுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. கன்ஸ் அன்ட் ரோஸஸ் குழுவின் 'நவம்பர் ரெயின்' ரசிகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்: அதன் பியானோவும் ஸ்லாஷின் கிட்டாரும் எனக்கும் உயிர், ஆனால் உன் கண்ணைப் பார்க்கிறேன் என்கிற முதல் வரி யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது.

ஊர்ப்பெயரால் வென்ற முதல் வரி ஒன்று இருக்கிறது. ஸ்கார்பியன்ஸின் 'விண்ட் ஆஃப் சேஞ்ச்'. மாஸ்க்வா நதியோடு கார்க்கி பூங்காவரை போகிறேன் என்று, விசிலுக்குப் பிறகு கிளவுஸ் மைனே தொடங்குவார். ஜெர்மனியின் ஹனோவர்காரர்கள். 1989 ஆகஸ்டில் மாஸ்கோவின் லெனின் ஸ்டேடியத்தில் பான் ஜோவி, ஆஸி ஆஸ்பர்ன் போன்றவர்களோடு ஒரு பெரிய இசை விழாவில் வாசித்தார்கள். அப்போது ஒரு மாலை, படகில் பல நாட்டு இசைக்காரர்களும் பத்திரிகையாளர்களும் சோவியத் ராணுவ வீரர்களும் ஒன்றாக அந்த நதியில் போனார்கள். அந்தப் பயணம்தான் பாட்டானது. மைனே எழுதும்போது பெர்லின் சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. 1991-ல் பாட்டு தனிப்பாடலாக (சிங்கிள்) வெளியாகி உலகைச் சுற்றியது. அந்த வருடக் கடைசியில் சோவியத் யூனியனே இல்லை. சுதந்திரம், நம்பிக்கை என்று பெரிய சொற்களால் தொடங்கியிருந்தால் ஒரு கோஷமாகப் போயிருக்கும். ஒரு நதி, ஒரு பூங்கா, நடக்கிற ஒரு மனிதன், அவ்வளவுதான். நான் மாஸ்கோ பார்த்ததில்லை, ஆனால் அந்தக் கரையில் நடந்திருக்கிறேன்.

2022-ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு, அந்த முதல் வரியை அப்படியே பாட மைனேவுக்கு மனம் வரவில்லை. மாற்றிவிட்டார். என் இதயத்தைக் கேள், அது உக்ரைன் என்கிறது என்று மேடையில் பாடத் தொடங்கினார். பல்லவியைத் தொடவில்லை, மெட்டைத் தொடவில்லை, தொடக்கத்தில்தான் கை வைத்தார். முப்பது வருடம் மனப்பாடமாக இருந்த நதியின் பெயரை ஒருவர் தன் வாயாலேயே எடுத்துவிடுவது எவ்வளவு வலியாக இருந்திருக்கும். அந்த மேடைப் பதிவைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கடைசியாக மெட்டாலிக்காவின் 'நதிங் எல்ஸ் மேட்டர்ஸ்', 1991. இதில் குரல் வருவதற்கே ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அதற்கு முன்னால் வருகிற கிட்டார்தான் நிஜமான முதல் வரி. குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ஒரு கையில் போனைப் பிடித்துக் காதலியோடு பேசிக்கொண்டே மறு கையால் சும்மா மீட்டியதில் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். இடது கை சும்மா இல்லாததால் எல்லாமே ஓப்பன் ஸ்ட்ரிங், அதாவது இடது விரலால் அழுத்தாத தந்தி. தடித்த ஆறாவது தந்தி, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று, திரும்பி இரண்டு, மூன்று. குழுவுக்கு என்று அவர் அதை எழுதவில்லை, தனக்காக எழுதினார்.

போன வருடம் அக்கா மகளுக்கு கிட்டார் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அவளுக்குப் பதினோரு வயது. விரல் நுனி சிவந்து, கார்டு பிடிக்க வராமல் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டாள். "இடது கையே வேண்டாம், இதை வாசி பார்க்கலாம்" என்று இந்த ஆறு சத்தத்தைக் காட்டினேன். பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.

"மாமா, பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சிடுச்சு. இதுதான் ஆரம்பம்."

"அப்புறம் பாடறவர் என்ன சொல்வார்?"

"எவ்வளவு தூரத்துல இருந்தாலும் பக்கத்துலதான் இருக்கோம்னு சொல்வார்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அப்பா தோஹாவில் வேலை பார்க்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். அன்றைக்கு ராத்திரி அவர் கூப்பிட்டபோது கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, பேசாதீங்க, கேளுங்க" என்றாள். போனை இடது கையில் கிட்டார் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஆறாவது தந்தியைத் தட்டினாள்.