உயரமும் எடையும் உள்ளவர்களுக்கு ஷார்ட்போர்டு அளவு: கேள்வி பதில்

என் உயரம் 188 செ.மீ., எடை 96 கிலோ. நடுத்தர உடல்வாகுக்கென்று செதுக்கப்பட்ட ஷார்ட்போர்டுகளில், அதாவது குட்டையான அலைச்சறுக்குப் பலகைகளில், பல வருடங்கள் திண்டாடிய பிறகே அளவுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தை வைத்து, வந்திருக்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான் கோவளத்தில் மூன்று ஆண்டுகளாக அலைச்சறுக்குப் பழகுகிறேன். 186 செ.மீ., 94 கிலோ. இதுவரை 8 அடி ஃபோம் பலகைதான். 6 அடி நீளமும் 30 லிட்டரும் உள்ள ஷார்ட்போர்டு போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

பதில்: வேண்டாம். பலகையின் கன அளவை லிட்டரில் எடுத்து, உங்கள் எடையைக் கிலோவில் வைத்து வகுத்துப் பாருங்கள். போட்டிகளில் இறங்கும் தேர்ந்த வீரர்களுக்கு இந்த விகிதம் ஏறத்தாழ 0.34 முதல் 0.38 வரை இருக்கும். வாரம் இரண்டு மூன்று முறை கடலுக்குப் போகும் இடைநிலைக்காரருக்கு 0.40 முதல் 0.50 வரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் நண்பர்கள் சொல்லும் பலகையில் இது 0.32 ஆகிறது, அதாவது தொழில்முறை வீரர்களே தயங்கும் அளவை உங்கள் கையில் கொடுக்கிறார்கள். 6 அடி 8 அங்குல நீளம், 21 அங்குல அகலம், இரண்டே முக்கால் அங்குலத் தடிமன் என்று தேடுங்கள். சுமார் 41 லிட்டர் வரும். ஒரு வருடம் அதில் ஓட்டிய பிறகு இரண்டு அங்குலம் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: லிட்டர்தான் கணக்கு என்றால், 6 அடிப் பலகையையே தடிமனாகச் செய்து அதே 41 லிட்டரைக் கொண்டுவந்துவிடலாமே? குட்டைப் பலகை சட்டென்று திரும்பும் அல்லவா?

பதில்: பெரிய உடம்புக்காரர்கள் பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். ஒரு கடையில் "இதில் லிட்டர் இருக்கிறது" என்று சொல்லித் தந்த 5 அடி 10 அங்குலப் பலகையை வாங்கி வந்தேன். மூன்று அங்குலத் தடிமன். மிதப்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எழுந்து நின்றால் என் கால்களுக்கு அதில் இடமே இல்லை. பின்கால், பலகையின் அடியில் பின்பக்கம் துடுப்புபோல் நீட்டியிருக்கும் ஃபின்களுக்கு மேல் நின்றாக வேண்டும்; உயரமானவனுக்கு இரு கால்களுக்கும் இடையே அகலம் கூடுதலாக வேண்டியிருப்பதால், முன்கால் பலகையின் மூக்குக்கு, அதாவது முன்நுனிக்கு, மிக அருகே போய் விழுந்தது. அலை சற்றே செங்குத்தாக நின்றாலும் மூக்கு தண்ணீருக்குள் குத்திவிடும். திருப்பலாம் என்று சாய்ந்தால் அந்தத் தடித்த விளிம்பு நீரில் இறங்க மறுத்து என்னை வெளியே தள்ளும்.

கணக்காகவும் பார்த்துவிடுவோம். நீளம் 6 அடி 4 அங்குலம், அகலம் இருபதே கால் அங்குலம், தடிமன் இரண்டேமுக்கால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு என்ற அளவுள்ள பலகை ஏறக்குறைய 35.7 லிட்டர் இருக்கும். தச்சர்கள் ஒரு நூல் என்பார்களே, அந்த அரைக்கால் அங்குலத்தைத் தடிமனில் கூட்டினால் 1.7 லிட்டர் ஏறும். நீளத்தில் இரண்டு அங்குலம் கூட்டினால் 0.9 லிட்டர், அகலத்தில் கால் அங்குலம் கூட்டினால் அரை லிட்டர்கூட வராது. தடிமனில் லிட்டர் மலிவாகக் கிடைப்பதால்தான் எல்லோரும் அங்கே கை வைக்கிறார்கள். ஒரு நூல் கூட்டுவதில் தவறில்லை, கனமான ஆள் அந்த விளிம்பை அழுத்திவிடுவான்; மூன்று நூல் கூட்டினால் அழுத்த முடியாது. நீளத்தை உயரத்துக்கு ஏற்ப முதலில் முடிவுசெய்து, அகலத்தை அடுத்தும் தடிமனைக் கடைசியாகவும் வையுங்கள். அந்தத் தடிமனும் நெஞ்சுக்கு அடியில் நடுப்பகுதியில் இருக்கட்டும். விளிம்பை நோக்கி மெலிந்து போகட்டும்.

கேள்வி: எனக்கு 190 செ.மீ. உயரம், ஆனால் 72 கிலோதான். நன்றாகவே ஓட்டுவேன். எனக்கும் பெரிய பலகை தேவையா?

பதில்: நீளமான பலகை தேவை, பருமனான பலகை தேவையில்லை. லிட்டரை எடை தீர்மானிக்கிறது, நீளத்தைக் கால் வைக்கும் அகலம் தீர்மானிக்கிறது. 6 அடி 3 அங்குலம், 19, இரண்டரைக்கு ஒரு நூல் குறைவு என்று பாருங்கள். ஏறத்தாழ 30 லிட்டர் வரும்.

கேள்வி: ஃபின் அளவு?

பதில்: ஃபின் தயாரிக்கும் எஃப்சிஎஸ் நிறுவனத்தின் அட்டவணைப்படி 75 முதல் 90 கிலோ வரை எல், 85க்கு மேல் எக்ஸ்எல். இடையில் இருப்பவர்கள், வால் (பின்முனை) அகலமான பலகை என்றால் பெரியதை எடுக்கலாம். சிறிய ஃபின்னில் கனமான ஆள் அழுத்தித் திருப்பினால் வால் வழுக்கும்.

கேள்வி: பெரிய உடம்புக்காரர்கள் போட்டி அளவில் ஷார்ட்போர்டில் சாதித்ததுண்டா?

பதில்: நாம் இன்று ஓட்டும் மூன்று ஃபின் பலகையே அப்படிப்பட்ட ஒருவரால் வந்ததுதான். சிட்னியின் நராபீனைச் சேர்ந்த சைமன் ஆண்டர்சன் நல்ல உயரமும் பருமனும் உள்ளவர். 1970களின் இறுதியில் எல்லோரும் இரட்டை ஃபின் பலகைக்கு மாறியபோது, அவருடைய உடம்புக்கு அது பிடிமானம் தரவில்லை. மூன்றாவதாக ஒரு ஃபின்னை நடுவில் வைத்துச் செதுக்கி, 1981இல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் கடற்கரைப் போட்டியில் மிகப்பெரிய அலைகளில் வென்று காட்டினார்; அதே ஆண்டு ஹவாயில் நடக்கும் பைப்லைன் மாஸ்டர்ஸ் போட்டியும் அவருக்கே கிடைத்தது. கனத்த ஆளின் சங்கடத்துக்குச் செய்த தீர்வை மெலிந்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

கேள்வி: அண்ணை, நான் அறுகம்பையில் ஓட்டுகிறேன், 102 கிலோ. இரண்டு பலகைகள் முறிந்துவிட்டன. எப்பாக்சிக்கு மாறலாமா?

பதில்: இபிஎஸ் என்னும் இலேசான தெர்மோகோல் வகை ஃபோமும் அதன்மேல் பூசும் எப்பாக்சி பிசினும் சேர்ந்த பலகை எடை குறைவு, மிதப்பு அதிகம், எளிதில் குழி விழாது. சிறிய அலைக்கு உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல தேர்வுதான். ஆனால் கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கிப் பலமாக வீசும் நாளில் இந்த இலேசே எதிரியாகிவிடும். அலையின் உச்சியில் காற்று பலகையைத் தூக்கிப் பிடிக்கும், இறங்க விடாது. பெரிய அலை நாட்களுக்கு வழக்கமான பாலியூரித்தேன் ஃபோம் பலகையையே வைத்திருந்து, மேற்புறத்துக்கு 4 அவுன்ஸ் கண்ணாடியிழைத் துணி இரண்டுக்குப் பதிலாக 6 அவுன்ஸ் ஒன்றும் 4 அவுன்ஸ் ஒன்றும் போடச் சொல்லுங்கள். கொஞ்சம் எடை கூடும். 102 கிலோவுக்கு அது தெரியப்போவதில்லை.

கேள்வி: சிட்னியில் இருக்கிறேன், 98 கிலோ. பலகை செதுக்கும் ஷேப்பரிடம் சொல்லிச் செய்யப் போகிறேன். என்னென்ன சொல்ல வேண்டும்?

பதில்: உண்மையான எடையைச் சொல்லுங்கள், கல்லூரிக்காலத்து எடையை அல்ல. குளிர்காலத்தில் போடும் ரப்பர் உடையான வெட்சூட் நனைந்தால் சில கிலோ சேர்க்கும் என்பதையும் சொல்லுங்கள். இப்போது ஓட்டும் பலகையின் அளவு, அதில் பிடித்தது, பிடிக்காதது, வழக்கமாகப் போகும் கடற்கரை ஆகியவை அவருக்கு லிட்டர் எண்ணைவிட அதிகம் உதவும். முடிந்தால் பழைய பலகையையே தூக்கிக்கொண்டு போங்கள்: மேற்புறத்தில் கால் பதிந்த குழிகளைப் பார்த்தே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அவர் கண்டுபிடித்துவிடுவார். காலணி அளவைச் சொல்ல மறக்காதீர்கள். பெரிய பாதத்துக்கு வால் குறுகலாக இருந்தால் திருப்பும்போது குதிகால் தண்ணீரில் இழுபடும்.