அரசு குழந்தைகள் இல்லத்தில் ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவதாகத் தெரியவந்தால் எங்கே, எப்படிப் புகார் செய்வது? விசாரணை எப்படி நடக்கும்?

இந்தியச் சட்டப்படி பதில் சொல்கிறேன். முதல் விஷயம்: இல்லக் கண்காணிப்பாளரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். குழந்தைக்கு யார் பொறுப்பாளரோ, அவருக்குக் கீழேதான் குற்றம் சாட்டப்பட்டவரும் வேலை பார்க்கிறார். கீழே உள்ளவர் செய்த பாலியல் குற்றத்தைத் தெரிவிக்காமல் மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்குப் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை உண்டு. அப்படியிருந்தும் "முதலில் நாங்கள் விசாரிக்கிறோம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அந்த இடைவெளியில் வருகைப் பதிவேடு திருத்தப்படலாம், குழந்தை வேறு மாவட்டத்துக்கு மாற்றப்படலாம், மற்ற பிள்ளைகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப்படலாம். புகார் எழுத்தில் வெளியே வந்து, ஒரு தேதி முத்திரை விழுந்த பிறகுதான் அதற்கு உயிர்.

குழந்தை உங்களிடம் சொல்லும்போது தோண்டித் துருவிக் கேட்காதீர்கள். "அவர் இப்படிச் செய்தாரா?" என்று நீங்கள் சொல் எடுத்துக்கொடுத்தால், பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடிப்பது அதைத்தான். "அப்புறம்?" என்ற அளவில் நிறுத்துங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதை உங்களால் காப்பாற்ற முடியாது. அன்றைக்கே, குழந்தை பயன்படுத்திய சொற்களிலேயே, கொச்சையாக இருந்தாலும் திருத்தாமல் எழுதி வையுங்கள். நேரம், இடம், கூட இருந்தவர் யார் என்பதையும் குறியுங்கள். குழந்தை பேசுவதை வீடியோ எடுத்து வாட்ஸாப் குழுவில் போடுவது உதவி அல்ல, குற்றம். பெயர், முகம், இல்லத்தின் பெயர் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடப் போக்சோ 23ஆம் பிரிவும் குழந்தைகளின் பராமரிப்பு, பாதுகாப்புக்கான இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவும் தடை விதிக்கின்றன.

பாலியல் குற்றம் என்றால் நேரே காவல் நிலையம். அனைத்து மகளிர் காவல் நிலையம் அருகில் இருந்தால் அங்கே போகலாம். இல்லாவிட்டால் எந்த நிலையமானாலும் சரி, எல்லை காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. நீங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை. போக்சோ 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் தெரிவிப்பது கடமை. நல்லெண்ணத்தில் கொடுத்த தகவலுக்காக உங்கள்மீது வழக்கு வராது. இங்கே பலரும் ஏமாறுவது சி.எஸ்.ஆர். ரசீதில். மனு பெற்றுக்கொண்டோம் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. கேட்க வேண்டியது எஃப்.ஐ.ஆர்.; புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். மறுத்தால் அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் நீதிமன்றத்தை நாடலாம்.

அடி, சூடு, பட்டினி, அறையில் பூட்டி வைத்தல் ஆகியவற்றில் சிக்கல் வேறு. இல்ல ஊழியரோ நிர்வாகியோ கொடுமை செய்தால் இளைஞர் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. ஆனால் 2021 திருத்தம், இந்தச் சட்டத்தில் மூன்று முதல் ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களை, நீதிமன்ற உத்தரவின்றிக் காவல் துறை விசாரிக்க முடியாதவையாக மாற்றிவிட்டது. குழந்தைகளுக்கான சட்டத்தில் இது எனக்குப் புரியாத திருத்தம். ஆகவே "கோர்ட் உத்தரவு வாங்கி வாருங்கள்" என்று ஆய்வாளர் சொன்னால் அது முழுப் பொய் அல்ல. எலும்பு முறிவு, ஆயுதத்தால் அல்லது சூடான பொருளால் ஏற்பட்ட காயம் இருந்தால் மனுவில் தெளிவாக எழுதுங்கள். காவல் துறை நேரடியாகப் பதியக்கூடிய குற்றம் ஒன்று இருந்தாலே முழு வழக்கையும் அப்படியே விசாரிக்கலாம்.

எந்த வகைக் குற்றமானாலும் மனுவின் நகலை அதே நாளில், பராமரிப்பு தேவைப்படும் குழந்தைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். குழந்தைக்கு உடனடி ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. ஒரே இடத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பீகாரின் முசாஃபர்பூர் காப்பக வழக்கில் 2020இல் தண்டிக்கப்பட்ட 19 பேரில், குழந்தைகள் நலக் குழுவின் முன்னாள் தலைவரும் ஒரு குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரும் இருந்தார்கள். அந்தக் கொடுமையை வெளிக்கொண்டுவந்தது டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் தணிக்கைக் குழு, அதாவது வெளியாட்கள். குழந்தைகள் நலக் குழு அசையவில்லையென்றால் மாவட்ட ஆட்சியரிடம் போகலாம். குழுவின் செயல்பாடு பற்றிய குறைகளை விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் ஒரு நகல் போகட்டும்.

மனுவில் பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் பத்தி ஒன்று உண்டு. கண்காணிப்புக் கேமரா பதிவு, ஊழியர்களின் இரவுப் பணி அட்டவணை, பார்வையாளர் பதிவேடு, மருத்துவப் பதிவேடு, குழந்தையின் தனிக் கோப்பு ஆகியவற்றை உடனே கைப்பற்றக் கோருங்கள். கேமரா பதிவு வட்டு நிரம்பியதும் பழையதன்மேல் புதியது எழுதப்பட்டு அழிந்துவிடும். எஃப்.ஐ.ஆர். போட்டு ஒரு மாதம் கழித்துப் போனால் அங்கே எதுவும் இருக்காது. புகார்ப் பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். 2016 மாதிரி விதிகளின்படி அது அலுவலகத்துக்குத் தள்ளி, பிள்ளைகள் தங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சாவி நிர்வாகக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை, இல்லத்துப் பிள்ளைகளின் குழு உறுப்பினர் முன்னிலையில் பார்க்க வேண்டும். கண்காணிப்பாளரின் மேசைக்கு எதிரே தொங்கும் பெட்டியில் எந்தக் குழந்தையும் சீட்டுப் போடாது.

போக்சோ வழக்கில் காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பெற்றோர் ஆதரவின்றி இல்லத்தில் வாழும் குழந்தையை அதே 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்தவும் வேண்டும். வாக்குமூலத்தை, கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வாங்க வேண்டும். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்திலோ, அது விரும்பும் இடத்திலோ வாங்கலாம் என்கிறது சட்டம். இங்கே வசிக்கும் இடமே குற்றம் நடந்த இடம்; ஆகவே வேறு இடம் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். குழந்தை நம்பும் ஒருவர் கூட இருக்கலாம். அந்த ஒருவர் இல்ல ஊழியராக இருக்கக் கூடாது என்பதில் உறுதியாக நில்லுங்கள். வழக்கு முடியும்வரை உடன்வர ஓர் ஆதரவு நபரை நியமிக்கக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள்.

மருத்துவப் பரிசோதனைக்கு எஃப்.ஐ.ஆர். பதியும்வரை காத்திருக்க வேண்டாம். அவசரச் சிகிச்சைக்கு மருத்துவமனை எந்தக் காகிதமும் கேட்கக் கூடாது. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல், உலரவிட்டு, காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுப்போகும். முதல் மூன்று நான்கு நாள்களில்தான் உடல் தடயம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மாதங்கள் கடந்துவிட்டன என்பதற்காகப் புகாரைத் தள்ள முடியாது. மருத்துவ அறிக்கையில் காயம் இல்லை என்று வந்தால் வழக்கு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள், விசாரணை அதிகாரிகள் உட்பட, நிறையப் பேர். பல வகைத் துன்புறுத்தல்கள் உடலில் தழும்பு விடுவதே இல்லை.

விசாரணை சறுக்குவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, ஊழியரை அங்கேயே விட்டுவிட்டுக் குழந்தையை இடம் மாற்றுவது. பள்ளி, தோழிகள், பழகிய கட்டில் எல்லாம் போய், சொன்னதற்குத் தண்டனை என்றுதான் அந்தக் குழந்தைக்குப் புரியும். பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் அதே பாடம். ஊழியரைப் பணியிடை நீக்கம் செய்து வளாகத்தை விட்டு வெளியே அனுப்பக் கோருங்கள். குழந்தையே போக விரும்பினால் அது வேறு. இன்னொன்று, ஒரே குழந்தையோடு விசாரணையை நிறுத்திக்கொள்வது. அதே ஊழியரின் பணி நேரத்தில் அங்கே தங்கியிருந்த எல்லாக் குழந்தைகளிடமும், ஏற்கெனவே வீடு திரும்பியவர்களிடமும், தனித்தனியாக, வெளியிலிருந்து வந்த ஆற்றுப்படுத்துநர் பேச வேண்டும். வீடு திரும்பியவர்களுக்கு இல்லத்தின் பயம் இல்லை; வலுவான சாட்சிகள் பல நேரம் அவர்களிடமிருந்துதான் வருகிறார்கள்.

சிறப்பு நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், கூடியவரை ஓராண்டுக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். பல வழக்குகள் இதைத் தாண்டி இழுக்கின்றன. தீர்ப்புவரை காத்திராமல் இடைக்கால இழப்பீட்டுக்கு மனுப் போடலாம். பெற்றோர் இல்லாத குழந்தைக்காக யாரும் கேட்காமல் விட்டுப்போவது இதுதான் என்பதால், ஆதரவு நபரிடம் முதல் வாரத்திலேயே நினைவூட்டி வையுங்கள்.