நுவரெலியா குளிருக்கு ஒரு தடித்த ஜாக்கெட் போதுமா?

ஜனவரியில் அம்மாவையும் இரு பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் அழைத்துச் செல்வதாகவும், ஆளுக்கொரு தடித்த ஜாக்கெட் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது என்பதே என் கருத்து. 2,100 மீற்றருக்கு மேலுள்ள அச்சமவெளியில் அந்த மாதம் விடியற்காலையில் புல்லில் உறைபனி படிந்திருக்கக்கூடும்; அங்குள்ள ‘உலக முடிவு’ (World's End) என்ற செங்குத்துப் பாறை விளிம்பை மேகம் மூடுமுன் பார்க்க வேண்டுமானால் அந்தக் குளிரிலேயே நடக்கத் தொடங்க வேண்டும்; வெயில் ஏறியதும் தடித்த ஜாக்கெட்டுக்குள் வியர்க்கும், பிறகு மூடுபனி இறங்கும்போது அந்த ஈரமே உடலை நடுங்க வைக்கும். ஆகவே உடலோடு ஒட்டிய மெல்லிய சட்டை, அதன்மேல் கம்பளிச் சுவெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் நீர் புகாத மழை அங்கி என அடுக்கடுக்காக அணியுங்கள். ஜீன்ஸ் வேண்டாம்; நனைந்தால் எளிதில் காயாது.

சென்ற முறை என் மகளின் காலுறைகள் பனிப்புல்லில் ஊறி, விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிவிட்டன. மாற்றுச் சோடியோ விடுதியில் கிடந்தது. எனவே ஆளுக்கு இரண்டு சோடியைத் தோள்பையிலேயே வையுங்கள். அவற்றைத் துணிப்பையில் சுற்றுங்கள், ஏனெனில் பொலித்தீனை ஹோட்டன் சமவெளி நுழைவாயிலுக்கு அப்பால் அனுமதிப்பதில்லை. அம்மாவுக்குச் செருப்பு உதவாது, பிடிப்புள்ள சப்பாத்து அவசியம். காதை மூடும் கம்பளித் தொப்பியைப் பெட்டியின் அடியில் வைக்காமல், வாகனத்தில் ஏறும்போதே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.